சித்தி வைத்த பந்தயம்

சித்தியைத் திருப்பிக் கூட்டிப்போக அவள் புருஷன் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. அம்மா குசினியில் கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா ஷிப்ட் என்று சொல்லி வழக்கத்துக்கு முன்னமே புறப்பட்டுவிட்டார். சித்தி முன் ஜன்னலுக்கும் குசினிக்குமாக நடந்தாள். கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரைச்சீலையின் ஓரத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். எனக்கு ஒன்பது வயது. என்ன ஏது என்று தெரியாமலே நானும் அவள் பின்னால் நடந்தேன்.

பதறாமல் இருந்தவர் பெரியப்பா ஒருவர்தான். அம்மாவின் அக்காவைக் கட்டியவர். சித்தியின் கலியாணத்தைப் பேசி முடித்தவரும் அவரே. சித்தி ஒரே ஒரு பையோடு வெம்பிளியில் இருந்த புருஷன் வீட்டை விட்டு எங்களிடம் வந்துசேர்ந்த பிறகு, ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் வந்துவிடுவார். "கோவிலிலை கட்டின கலியாணம், பிள்ளை. மனுசன் எண்டால் கோபம் வரும்தானே" என்பார். கெட்ட மனிதர் அல்லர். தான் பேசி முடித்த காரியம் பிழைத்துப்போனதை ஒப்புக்கொள்ள முடியாதவர், அவ்வளவுதான்.

அவருடைய ஒரே பலவீனம் போக்கர். எதிரே இருப்பவனின் முகத்தைப் பார்த்தே கையில் என்ன சீட்டு என்று சொல்லிவிடுவேன் என்பார். கலியாணத்துக்கு முன் சித்தியும் வேலை முடிந்து கசினோக்களில் ஆடியவள். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

"அத்தான், அவர் வாறதுக்கிடையிலை ஒரு ஆட்டம் போடுவமே?" என்று சித்தி திடீரென்று கேட்டாள்.

"என்னத்துக்கு?"

"நீங்கள் வெண்டால் நான் பேசாமல் அவரோடை போறன். நான் வெண்டால் நீங்களே வெளியிலை போய் அவரைத் திருப்பி அனுப்ப வேணும். பிறகு இந்தக் கதையே எடுக்கப்படாது."

"உனக்கென்ன விசரே?" என்றாள் அம்மா குசினியிலிருந்து.

பெரியப்பா நாற்காலியை மேசையருகே இழுத்தார். வேறு எந்த வாக்கை மாற்றினாலும் சீட்டு மேசையில் கொடுத்த வாக்கை மாற்றாதவர் அவர். சித்திக்கு அது தெரியும்.

"சின்னவள் சீட்டைப் போடட்டும்" என்றார்.

பிஸ்கட் டின்னில் கிடந்த, பந்தயத்துக்கு வைக்கும் பிளாஸ்டிக் சிப்ஸை இருவருக்கும் சமமாகப் பிரித்தேன். ஆளுக்கு இரண்டு சீட்டுகளைக் கவிழ்த்துப் போட வேண்டும். பிறகு நடுவில் ஐந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டும். அவற்றோடு யாருடைய சீட்டு நன்றாகச் சேர்கிறதோ அவருக்குத்தான் நடுவில் குவிந்த சிப்ஸ். சீட்டு சரியில்லாதவர் இடையிலேயே விட்டு ஒதுங்கலாம்; சிப்ஸ் முழுக்கத் தீர்ந்தவர் ஆட்டத்தில் தோற்றவர்.

மேசைக்கு வந்ததும் சித்தி அசையாமல் இருந்தாள். நல்ல சீட்டு வரும்போதெல்லாம் நாலைந்து சிப்ஸை மட்டும் கூச்சத்தோடு தள்ளினாள். பெரியப்பாவும் சிறிய தொகைதானே என்று வைத்துப் பார்த்துத் தோற்றார். வென்ற சீட்டைக் காட்ட வேண்டிய தேவை இல்லாத இடத்திலும் அவள் திருப்பிக் காட்டினாள்.

"நல்ல சீட்டெண்டால் நீ பூனை மாதிரிப் பதுங்கி வாறாய். நான் பிடிச்சிட்டன்" என்றார் பெரியப்பா. சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்குத்தான் இருக்க முடியவில்லை. கால்களை ஆட்டினேன், சீட்டுகளைக் கீழே போட்டேன், சித்தியைப் போல ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்தேன்.

நடுவில் ஐந்தாவது சீட்டை நான் விரித்த நேரம் வெளியே ஒரு கார் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. ஹோர்ன் ஒருமுறை அடித்தது. விரித்திருந்த ஐந்தில் ஒரு ஏஸும் ஓர் எட்டும் இருந்தன. மற்றவை சில்லறைச் சீட்டுகள். பெரியப்பா அதுவரை தேத்தண்ணியை மிடறு மிடறாகக் குடித்தபடி பேசிக்கொண்டிருந்தவர், கோப்பையைத் தொடவே மறந்து ஏஸையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி ஒரு கணம் அவருடைய கோப்பையைப் பார்த்தாள். பிறகு தன்னிடமிருந்த சிப்ஸ் முழுவதையும் நடுவே தள்ளினாள். கை நடுங்கியதில் ஓர் அடுக்கு சரிந்து தரையில் உருண்டது.

பெரியப்பா அவளை வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சமாய் வைச்சிருந்தால் நான் விட்டிருப்பன். முழுக்கத் தள்ளுறாய், கையும் நடுங்குது. உன்னட்டை ஒண்டும் இல்லை பிள்ளை. என்னைக் கலைக்கப் பாக்கிறாய்."

தன் சிப்ஸ் முழுவதையும் தள்ளிவிட்டு, கையிலிருந்த ஏஸைத் திருப்பிக் காட்டினார். சித்தி திருப்பினாள். இரண்டும் எட்டு. மேசையில் கிடந்ததோடு மூன்று; அவருடைய இரண்டு ஏஸையும் அது வென்றது.

ஹோர்ன் மறுபடி அடித்தது, இந்த முறை நீளமாக. பெரியப்பா எழுந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார்க் கண்ணாடியில் குனிந்து நின்று பேசினார். உள்ளேயிருந்து சத்தமாக ஏதோ வந்தது. அவர் ஓர் அடி பின்வாங்கி, வழியை மறிப்பதுபோல வாசல் கேற்றடியில் நின்றார். கடைசியில் கார் போய்விட்டது. அவர் திரும்பி உள்ளே வரவில்லை. அப்படியே பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார். சொன்னபடி அதன் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை.

ஆனால் ஆட்டத்தைப் பற்றி வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன நடிப்பு, கையைக்கூட நடுங்க வைத்தாளே என்று. உண்மையில் அன்று அவர் அவளுடைய பயத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். அது சீட்டுக்கான பயம் என்று எண்ணியது மட்டும்தான் பிழை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கார் போன பிறகு அம்மா கொடுத்த தேத்தண்ணியைச் சித்தி வாங்கினாள். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது.

"சித்தி, ஆட்டம் முடிஞ்சுது. இனி நடுங்கிக் காட்டத் தேவையில்லை" என்றேன்.

"ஓம்" என்றாள். கோப்பையை வைத்துவிட்டு, கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அதுவும் அந்த வித்தையின் ஒரு பகுதி என்றே நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்து காட்டினேன்.