முன்பக்கத்து வாடகை

சொந்த வீட்டு முன்கதவு வழியாக நுழையாமல் நாங்கள் பல வருடங்கள் வாழ்ந்தோம். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அன்றைக்குத் தெருவே எங்களைப் பார்த்துச் சிரித்தது. இன்றைக்கு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கழுத்து தானாக நிமிர்கிறது.

எழுபதுகளில் அப்பா காரைக்காலில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். மாதச் சம்பளத்தை நம்பி, வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் வாங்கி வீடு கட்டினார். தெருவைப் பார்த்த கூடம், அதை ஒட்டி இரண்டு அறைகள், பின்னால் சமையற்கட்டும் சாமான் அறையும். பத்திரம் சங்கத்தில் அடமானமாக இருந்தது. கூடத்துக்குச் சிவப்பு சிமெண்டுத் தரை. அம்மா அதைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி, எங்களை அதில் ஓடவிடாமல் விரட்டிக்கொண்டிருப்பாள். குடிவந்து இரண்டு தீபாவளி ஆவதற்குள் மில்லை மூடிவிட்டார்கள்.

அப்பா நல்ல மனிதர், ஆனால் கடன் என்ற சொல்லைக் கேட்டால் ஊமையாகிவிடுவார். கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனார். தவணைக்கு மட்டும் அது எட்டவில்லை. சங்க ஆபீஸ் இருக்கும் தெருவைத் தவிர்ப்பதற்காக சைக்கிளில் ஊரையே சுற்றிக்கொண்டு போவார். சங்கம் சும்மா இருக்குமா? ஒரு நாள் ஆள் வந்து, பாக்கியைக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

செய்தி எங்கள் சொந்த ஊரான நெரவிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே நெல் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா மறுநாளே வந்துவிட்டார்.

"ஏலத்துல போனா மானம் போயிரும்டா. கமுக்கமா வித்துட்டு ஊரோட வந்துரு. வெளி ஆளுக்கு ஏன் குடுக்கணும், நானே எடுத்துக்கிறேன்" என்றார்.

அவர் சொன்ன விலையைக் கேட்டு அம்மாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேறொரு யோசனை சொன்னார். வட்டிக்கு விடும் ஒருவரிடம் வாங்கிச் சங்கத்தில் கட்டிவிடலாமாம்.

"இந்தக் குழிய மூடறதுக்கு அந்தப் பக்கம் ஒரு குழி வெட்டவா?" என்று அம்மா கேட்டாள். அவர் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்துகொண்டார். நகையை விற்கலாம் என்று சொல்ல வழியில்லை. அது கதவு, ஜன்னலாக ஏற்கனவே வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சங்க ஆபீசுக்குப் போனாள். அப்பா எதிர்ச்சாரியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அம்மா செயலாளர் முன்னால் போய், கூட்டம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"மில்லு மூடிட்டாங்கங்க. முழுத் தவணையும் எங்களால கட்ட முடியாது. கட்ட மாட்டோம்னு சொல்லல. வருசத்த கூட்டித் தவணைய கொறச்சுக் குடுங்க."

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இத மொதல் மாசமே வந்து சொல்லியிருக்கலாமேம்மா. வராதவங்களத்தான் நாங்க தேடி வர்றோம்" என்றார்.

கமிட்டியில் வைத்து வருடங்களைக் கூட்டிக் கொடுத்தார்கள். தவணை குறைந்தது, கட்ட வேண்டிய வட்டி மொத்தத்தில் ஏறியது. அம்மா அதையும் கேட்டுப் புரிந்துகொண்டுதான் தலையாட்டினாள். ஆனால் குறைந்த தவணைக்கும் நிரந்தரமாக ஒரு வருமானம் வேண்டுமே. அன்று சாயங்காலம் கூடத்தைப் பெருக்கிக்கொண்டே, "முன்பக்கத்த வாடகைக்கு விட்டுர்றேன்" என்றாள்.

"பின்பக்கத்த விடு. யாராச்சும் முன்பக்கத்த விடுவாங்களா?" என்றார் அப்பா.

"பின்பக்கத்துக்கு யாரு தவணை அளவுக்குத் தருவா?"

முன்பக்கத்தில் வந்து குடியேறியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவருக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வந்தது, வாடகை தள்ளிப்போகவே போகாது. அவரும் அவர் மனைவியும் கூடத்தில் பால் காய்ச்சிய அன்று நாங்கள் சாமான் அறையில் பாயை விரித்தோம். வீட்டை ஒட்டிய சந்து வழியாகப் போய்க் கொல்லைக் கதவில் நுழைவது எங்கள் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத் தோழிகள் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. கடைத்தெருவில் கேட்டவர்களிடம், "வீட்டு மேல கடன் இருக்கு, அதான் முன்பக்கத்த விட்டிருக்கேன்" என்று கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். மறைத்தால்தானே தோண்டுவார்கள்? தெருவுக்குச் சீக்கிரமே அலுத்துப்போயிற்று.

பெரியப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் திடுதிப்பென்று வந்தவர், எங்கள் கூடத்தில் இஸ்திரி போட்ட கால்சட்டையோடு ஒருவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிப்பதைப் பார்த்திருக்கிறார். வீடு கைமாறிவிட்டது என்று முடிவு கட்டி, நடுத்தெருவில் நின்று அவரைச் சண்டைக்குப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவுக்கு வாங்குனீங்க? கூடப் பொறந்தவன் நான் இருக்கறப்ப அடுத்தவனுக்கு எப்படி வித்தான்?"

சொல்தா பேப்பரை மடித்தார். "நான் குடக்கூலிக்கு இருக்கேங்க. வீட்டுக்காரம்மா பின்னாடி இருக்காங்க. சந்து வழியா போங்க" என்றார்.

அம்மா கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு சந்து முனைக்கு வந்தாள். "வாங்க மாமா. வீடு எங்கயும் போவல. நாங்கதான் கொஞ்சம் உள்ள தள்ளிப் போயிருக்கோம்" என்றாள். பெரியப்பா உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி அந்தச் சந்தில் நடந்து வந்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு அவர் விலை பேசவேயில்லை.

எண்பதுகளில், நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கடைசித் தவணையும் முடிந்தது. பத்திரத்தை வாங்கும்போது அப்பாதான் கையை நீட்டினார், அதுவும் ஆபீசுக்கு உள்ளே நின்று. வீட்டுக்கு வந்ததும், "இனி அவங்கள காலி பண்ணச் சொல்லிரலாம்ல?" என்றார்.

"அவங்க வாடகையிலதான் இது திரும்பி வந்திருக்கு. அவங்களா போறப்ப போகட்டும்."

அம்மா முகம் கழுவி, கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். என்னை அழைத்துக்கொண்டு சந்து வழியாகத் தெருவுக்கு வந்து, சுற்றிப் போய், எங்கள் வீட்டு முன்கதவைத் தட்டினாள். சொல்தாவின் மனைவி கதவைத் திறந்து, புடவையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா விருந்தாளியாகக் கூடத்தில் உட்கார்ந்து காப்பியை வாங்கிக்கொண்டாள். செருப்பில்லாத காலால் சிவப்புத் தரையை மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"செவுரும் மச்சும் சேர்ற எடத்துல வெடிப்பு விட்டிருக்கே. சொல்லவே இல்லையேங்க" என்றாள். "நாளைக்கே கொத்தனார வரச் சொல்றேன்."