வேலாயுதம் போட்ட ஏத்தன் வாழை

போன செவ்வாய்க்கிழமை காலையில் எஸ்.டி.டி. பூத்துக்காரர் வாசலில் வந்து நின்று, ஏரலிலிருந்து போன் வந்ததாகச் சொன்னார். என் வீட்டுக்காரரின் தம்பி, வாழை விவசாயி வேலாயுதம் தவறிவிட்டார். அழுதேன். ஆனால் மனதில் குறை இல்லை.

போன வருடம் அவருக்குச் சிறுநீர் அடைத்தது. பாளையங்கோட்டை டாக்டர் புராஸ்டேட் சுரப்பியில் சந்தேகப்பட்டு, ரத்தமும் சதையும் சோதனைக்கு அனுப்பினார். ரத்த முடிவு முதலில் வந்தது. எண் கூடினால்தான் புற்று என்பார்கள், இவருக்குக் குறைவு. உடனே அவருடைய மச்சினர் சங்கரன் தெரு முழுக்க அல்வா கொடுத்துவிட்டார். சதை முடிவும் வரட்டும் என்றேன்.

"ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதாக்கா?" என்றார். அதை நான் மறக்கவில்லை. அல்வாவையும் தொடவில்லை.

சதை முடிவில் புற்று. அந்த எண்ணைக் கூட்டாமலே வளரும் அபூர்வ வகையாம். சங்கரன் அப்போதும் அடங்கவில்லை. ஆழ்வார்திருநகரியில் ஒருவர் விதைக்கொட்டையை எடுக்கும் ஆபரேஷன் செய்து பல வருடமாக நடமாடுகிறாரே, அதையே செய்யலாமே என்றார். அது சாதாரண வகைக்குத்தான் கேட்கும், இதற்கு மருந்து ஏற்ற வேண்டும், கட்டி சீக்கிரம் சுருங்கும், ஆனால் திரும்பி வரும் என்றார் டாக்டர். எவ்வளவு காலம் என்று சொல்ல எங்களைத் தனியே அழைத்தார். கொழுந்தனார் விடவில்லை.

"என் உடம்புதானய்யா. எங்கிட்டயே சொல்லுங்க."

"ஒரு வருசம்னு வச்சுக்கிடுங்க. கூடவோ குறையவோ இருக்கலாம்."

சற்று யோசித்தார். "ஏத்தன் பத்து மாசப் பயிர்தான. அப்போ ஒரு வாழை போட்டு வெட்டிரலாம், என்ன மதினி?"

அந்த வாரமே கன்று ஊன்றினார். மூன்று வாரத்துக்கொரு முறை மருந்து. வாந்தி எடுத்துவிட்டு வயலுக்குப் போவார். முடியெல்லாம் கொட்டியதும், "திருச்செந்தூர் போவாமலே மொட்டை போட்டாச்சு" என்று தலையைத் தடவிக் காட்டினார். பிறகு வலி அடங்கியது, சாப்பாடு இறங்கியது. குலை தள்ளிய மரங்களுக்குத் தானே முட்டுக் கொடுத்தார். வெட்டுக்கு முந்தி நோய் திரும்பிவிடுமோ என்று நான்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் குலையை அவர் கையாலேயே வெட்டினார். வரப்பில் உட்கார்ந்து, வண்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போதும் மதினி. நல்ல வெட்டு," என்றார்.

அதன் பிறகுதான் நோய் திரும்பியது. இனி வலிக்கு மட்டும் மருந்து போதும் என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டிலேயே, தூக்கத்தில் போனார்.

போய் வாருங்கள், கொழுந்தனாரே. வெட்டிய மரத்தடியில் கிளம்பிய மறுதாம்புக் கன்றுகள் ஆளுயரம் வந்துவிட்டன. மடை திறக்க என் மகன் போயிருக்கிறான்.