நெடுந்தீவுப் படகை நேர்முன்னால் படமெடுத்த காலை

வவுனியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம். ரயில்களைப் படமெடுக்கும் பைத்தியம் அங்கிருந்து வந்தது. மலைநாட்டில் எப்போதாவது ஓடும் பழைய நீராவி ரயிலுக்காக இரண்டு தடவை விடுப்பு எடுத்து, வளைவுகளில் காத்திருந்திருக்கிறேன். இரண்டாவது தடவை அதில் போனவர்கள் கையில் மதுக்கிண்ணத்தோடு எனக்குக் கையசைத்தார்கள். அது போய் அரைமணியில் வந்த சாதாரண ரயிலில் தேயிலைத் தோட்டத்துச் சனம் வாசலில் தொங்கிக்கொண்டு போனது. அந்தப் படத்தை யாரும் கேட்பதில்லை. அன்றோடு எனக்குப் பாரம்பரிய ரயில் அலுத்துவிட்டது. பழையதாகவும் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத சனம் இன்னும் ஏறுவதாகவும் இருக்க வேண்டும். அப்படி யோசித்தபோது யாழ்ப்பாணத் தீவுகளுக்கு ஓடும் மரப்படகுகள் நினைவுக்கு வந்தன. பங்குனியில் கடல் அடங்கியிருக்கும் என்றார்கள். போனேன்.

யாழ்ப்பாணத்தில் நண்பனின் மோட்டார்சைக்கிளை இரவல் வாங்கிக் காலை ஆறரைக்குக் கிளம்பினேன். பண்ணைப் பாலம் கடந்து ஊர்காவற்றுறை இறங்குதுறைக்கு முக்கால் மணி நேரம். இங்கிருந்து காரைநகருக்குப் பாதை எனப்படும் மிதவை ஓடுகிறது, கட்டணம் இல்லை. கடலுக்குள் நிற்கும் கோட்டை பின்னணியில் விழ வேண்டுமானால் துறையில் நிற்காதீர்கள். மிதவையிலேயே ஏறி, எதிரே வரும் மீன்பிடி வள்ளங்களை அங்கிருந்து எடுங்கள். எட்டு மணிக்கு முன் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

அங்கிருந்து வேலணை வழியாகப் புங்குடுதீவு. கடலை ஊடறுத்துப் போகும் வீதியில் நின்று எடுத்தால் படகு ஈ அளவுதான் தெரியும், நேரத்தை வீணாக்க வேண்டாம். புங்குடுதீவில் வெளிநாட்டுக் காசில் பூசிய வீட்டு வாசல் கேற்றுகள் பளபளக்கின்றன. உள்ளே ஆளில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெண் சைக்கிளில் தண்ணீர்க்கான் கட்டிக்கொண்டு போகிறாள். கோயில் கோபுரத்துக்கு வரும் காசில் ஒரு குழாய் போட முடியாதா என்று கேட்டால் எனக்குக் கெட்ட பெயர்தான் வரும். வரட்டும்.

குறிகாட்டுவான் துறைதான் இந்தக் கடலின் பெரிய ஸ்டேசன். நயினாதீவுக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. இருபது நிமிடம், நான் போன அன்று ஒரு வழிக்கு எண்பது ரூபா. நயினாதீவுத் துறையில் இறங்கி இடப்பக்கம் ஐம்பது அடி நடந்தால் அம்மன் கோயில் கோபுரமும் வரும் படகும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். பத்து மணிக்கு மேல் போகாதீர்கள், தண்ணீர் வெள்ளையாக வெளுத்துவிடும்.

மோட்டார்சைக்கிளைக் குறிகாட்டுவானில் ஒரு தேநீர்க்கடையோரம் விட்டுவிட்டு, பிற்பகல் நான்கு மணிப் படகில் நெடுந்தீவுக்கு ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கடலில். கீழ்த்தட்டில் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு, அவற்றுக்கு நடுவே மனிதர்கள். என் பக்கத்தில் சுகந்தி அக்கா. நெடுந்தீவுக்காரி, யாழ்ப்பாணத்தில் தையற்கடையில் வேலை. அப்பாவைக் கூட்டிவரப் போகிறார். அப்பாவுக்கு ஒரு கண் முன்பே போய்விட்டது. மற்றதற்கு நாளைக்குச் சத்திரசிகிச்சை, ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நாள்.

"பத்து மணிக்குள்ளை யாழ்ப்பாண ஆஸ்பத்திரி வாட்டிலை நிக்கவேணும். தவறினால் திரும்ப ஐஞ்சு மாசம். அதுக்கிடையிலை அந்தக் கண்ணும் போயிடும்."

"முதல் நாளே கூட்டிவந்திருக்கலாமே அக்கா?"

"அவர் தன்ரை ஆட்டை ஆரிட்டையும் விடமாட்டார் தம்பி. காலமைதான் வெளிக்கிடுவாராம்."

அன்றிரவு நெடுந்தீவில் ஒரு வீட்டில் தங்கினேன். அறைக்கும் சாப்பாட்டுக்கும் மூவாயிரம்.

மறுநாள் முதற்படகு ஏழு மணிக்கு. நான் ஆறுக்கே, படகு கிளம்பும் மாவிலித்துறைக்குக் கிழக்கே கரையோரம் நடந்து, முருகைக்கல் குவிந்த ஒரு மேட்டைப் பிடித்தேன். இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் உங்கள் முதுகில் இருக்கும், படகின் வலப்பக்கம் முழுதும் வெளிச்சம் விழும். படகு நேரத்துக்குக் கிளம்பியது. அருமையான பக்கவாட்டுப் படங்கள் கிடைத்தன.

ரயில் படமெடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூரத்திலிருந்து துணியை ஆட்டினால் சாரதி ஹோர்ன் அடிப்பார், நீராவி எஞ்சின் என்றால் புகையைக் கக்க விடுவார். சிவப்பு ஆட்டினால் ரயில் நின்றுவிடும், அதனால் எப்போதும் வெள்ளை. கமெராவைச் சுற்றியிருந்த வெள்ளைத் துவாயை எடுத்துத் தலைக்கு மேல் நன்றாக ஆட்டினேன்.

ஹோர்ன் கேட்கவில்லை. படகு வேகம் குறைத்தது. பிறகு வளைந்து, முகப்பை நேராக என் பக்கம் திருப்பி வரத் தொடங்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படம் எடுத்தேன், ஒன்றன்பின் ஒன்றாக. இந்தக் கட்டுரையின் மேலே இருப்பது அதில் ஒன்று.

துறைக்கு ஓடியபோது படகு கட்டியாகிவிட்டது. நோயாளியை இருத்தித் தூக்க இரண்டு பேர் ஒரு கதிரையோடு இறங்கி நின்றார்கள். படகோட்டும் தண்டையல் எட்டிப் பார்த்தார்.

"ஆருக்கு வருத்தம்? ஆள் எங்கை?"

"ஒருத்தருக்கும் இல்லை அண்ணை. நான் படம் எடுக்க..."

"அப்ப என்னத்துக்கு வெள்ளை காட்டினனீர்?"

எஞ்சின் சத்தத்தில் போன் அடித்தால் கேட்காதாம். ஆகவே படகு கிளம்பியபின் யாருக்காவது நோய், கடும் வருத்தம் என்றால் கரையில் வெள்ளைத்துணி. கண்டால் படகு திரும்பும், கேள்வி கிடையாது. தீவில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

"ஆளுக்கும் வருத்தந்தான் அண்ணை," என்றது மேல்தட்டில் ஒரு குரல். "படமெடுக்கிற வருத்தம். கதிரையிலை வைச்சுத் தூக்குங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தி அக்கா சிரிக்கவில்லை. அவர் அப்பாவின் கையைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். அடுத்த படகில் போக இருந்தவன், பையை எடுத்துக்கொண்டு அதே படகில் ஏறினேன். அரைமணி நேரம் போயிருந்தது.

சிக்கல் பஸ்ஸில்தான். படகு வந்து சேர்ந்ததும் குறிகாட்டுவானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. தண்டையல் நடுக்கடலில் எஞ்சினைத் தணித்துவிட்டு, பஸ் கொண்டக்டரைப் போனில் அழைத்தார். பத்து நிமிடம் நிற்பான், அதற்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள் பிந்திவிடுவார்கள் என்றார். நாங்கள் சேர்ந்தபோது எட்டே முக்கால். பஸ் இல்லை. ஓட்டோவும் இல்லை.

"அக்கா, என்னட்டை மோட்டார்சைக்கிள் நிக்குது. ஐயாவை நான் கொண்டுபோறன்."

"இடையிலை இறங்கிப் படம் எடுக்கமாட்டீரோ?"

கமெராப் பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். தேநீர்க்கடைக்காரர் கேட்காமலே தன் ஹெல்மெட்டை ஐயாவின் தலையில் போட்டுப் பூட்டினார்.

முப்பது சொச்சம் கிலோமீற்றர். புங்குடுதீவு வீதி பள்ளமும் திட்டியுமாக இருக்கிறது. ஓட்டுக் கேட்க மட்டும் இந்தப் பக்கம் வருகிறவர்கள் வாகனத்தின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் போலும். ஐயா என் இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். மூன்றாவது பள்ளத்தில் வாய் திறந்தார்.

"கண் தெரியாத நானே உந்தப் பள்ளத்தை விலத்தியிருப்பன்."

"மன்னிக்கோணும் ஐயா."

"மன்னிப்பைப் பிறகு பாப்பம். வீதியைப் பாரும்."

ஒன்பது ஐம்பதுக்கு வாட்டில் நின்றோம். தாதி பெயரைக் கூப்பிட்டு, கூட வந்தது யார் என்று கேட்டார். "படகைத் திருப்பின பொடியன்," என்றார் ஐயா. தாதிக்கு அது விளங்கவில்லை, ஆனாலும் எனக்கு உட்காரக் கதிரை கொடுத்தார். சுகந்தி அக்கா பதினொன்றுக்கு என் கமெராவோடும், எனக்கும் சேர்த்து வாங்கிய வடையோடும் வந்தார். அன்றே சத்திரசிகிச்சை முடிந்தது. மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள், கண் தெரிகிறது. அந்தப் படகில் இருந்த ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. அதற்கு நான் என்ன செய்து நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

கோபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அத்தனை ஆயிரம் பேர் வாழும் தீவுக்கு அவசரம் என்றால் ஒரு துவாய்தானா? பாரம்பரியம், அழகு என்று எழுதும் நாங்கள் அதையும் எழுத வேண்டும்.

போகிறவர்களுக்கு: மாசி முதல் சித்திரை வரை கடல் நல்லது. படகு நேரத்தை முதல் நாள் துறையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். காற்று எழும்பினால் படகு ஓடாது, ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இருக்கை குறைவு, நோயாளிகளும் மூட்டைக்காரர்களும் ஏறியபின் ஏறுங்கள். நேர்முன்னால் படம் வேண்டுமானால் துறை நுனியில் நின்று, படகு வந்து கட்டும்போது எடுங்கள். வெள்ளைத்துணியைப் பையின் அடியில் வையுங்கள்.

ஆனால் பையில் வைத்திருங்கள். சத்திரசிகிச்சை முடிந்த அன்று மாலை வாட்டை விட்டு வரும்போது நான் ஐயாவிடம், இனி இந்தக் கடற்கரையில் துணியே எடுக்கமாட்டேன் என்றேன். கட்டுப் போட்ட கண்ணோடு என் பக்கம் திரும்பினார்.

"விசர்க்கதை கதையாதேயும். வருத்தம் எண்டால் காட்டும். வருவினம்."