ரோலரைச் சுகந்தி கழட்டினாங்க

இன்னைக்குக் காலையில எங்க தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில ரோலர் நின்னுருச்சு. வாட்டின கொழுந்து அரைக்க வழியில்லாம குவிஞ்சு கெடந்துச்சு.

போன மாசம் வரைக்கும் மெஷினுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. எது ஒடஞ்சாலும் நானே கழட்டுவேன். சுகந்தி பக்கத்துல டோர்ச் பிடிச்சிக்கிட்டு நிப்பாங்க. இப்ப என்னைய பெக்டரி மேனேஜராக்கிட்டாங்க. மெஷின் சுகந்தி பொறுப்பு.

நுவரெலியாவுக்குப் போயிருந்த பெரிய தொர, தோட்டத்தையே நடத்துறவரு, விஷயம் தெரிஞ்சு போன் பண்ணினாரு.

“நீங்க எறங்கினா சீக்கிரம் முடியுமே?”

“முடியும் சேர். ஆனா சுகந்தி பாக்குறாங்க.”

“கொழுந்து கெட்டுப் போனா?”

“நான் பதில் சொல்றேன் சேர்.”

அவரு போனை வெச்சிட்டாரு.

கொஞ்ச நேரத்துல சுகந்தி வெளிய வந்தாங்க. “சேர், பெயாரிங்கா, கியரா? நீங்க வந்து பாத்துச் சொல்லுங்களேன்.”

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?”

“பெயாரிங்னுதான் தோணுது.”

“அப்ப கழட்டுங்க.”

அவங்க மொகம் வெளிறிப் போச்சு. ஆனா உள்ள போனாங்க.

பெயாரிங்தான். நான் பாத்திருந்தா பாதி நேரத்துல முடிஞ்சிருக்கும். ரோலர் சுத்தினதும் எல்லாரும் சுகந்தியைச் சுத்தி நின்னு கை தட்டினாங்க. கொழுந்தும் தப்பிச்சிருச்சு. நானும் தட்டினேன். எனக்குப் பெருமையும் வரல, கவலையும் வரல. ஒன்னுமே தோணல.

அப்புறம் பழக்கத்துல கை கழுவ சவுக்காரத்தை எடுத்துக்கிட்டு பைப்படிக்குப் போயிட்டேன். பாத்தா, கையில ஒரு பொட்டு கிரீஸ் இல்ல.

ஆட்களைப் பாத்துக்குற வேலைக்கு வந்தவங்க இங்க இருப்பீங்கதானே? வேலை செஞ்சோம்னு உங்களுக்கு எதை வெச்சுங்க தெரியுது?