வெள்ளையாக விட்ட இடம்

என் கல்யாணத்துக்கு முதலில் அடித்த அழைப்பிதழ் ஒன்று என் வேதப்புத்தகத்துக்குள் இருக்கிறது. கெட்டியான வெள்ளை அட்டை. கீழே இடது மூலையில் சிறிய கறுப்பு எழுத்தில் எங்கள் இரண்டு பேருடைய பெயர், நாள், ஆலயம். அதற்கு மேல் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று. மற்றபடி ஒன்றும் கிடையாது. அதைச் செய்தவர் என் மாமனார்.

நான் பிறப்பதற்கு முன்பே அவர் மெட்ராசில் ஒரு வாரப் பத்திரிகையில் அட்டைப்படமும் பக்க அமைப்பும் செய்தவர். அந்தக் காலத்தில் எல்லா அட்டையிலும் பூ வைத்த பெண் சிரித்துக்கொண்டிருப்பாளாம். இவர் ஒருமுறை அட்டை முழுவதையும் வெறும் நீலமாக விட்டு, ஓரத்தில் ஒற்றைக் கட்டுமரத்தைக் கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டினார். கதைத் தலைப்புகளை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினார். பாதிப் பக்கத்தை வெள்ளையாக விட்டார். "மீதியை எப்போ வரையப் போறீர்?" என்று முதலாளி கேலி செய்வாராம். ஆனால் தடுக்கமாட்டார். அந்த முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து அட்டையில் சினிமா முகங்கள் கேட்டபோது, மாமனார் கத்தரியையும் அடிகோலையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்துவிட்டார். தம்பியின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தார். அந்த வெள்ளையைப் பற்றி யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: "கண்ணு வந்து இருக்கதுக்கு ஒரு எடம் வேணும்லா."

பல வருடம் கழித்து அவர் செய்த ஒரே வேலை எங்கள் அழைப்பிதழ். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் தானே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் தாய்மாமன், அத்தை, சித்தப்பா என்று ஒருவர் விடாமல் பெயர் வர வேண்டும். அது அவருக்குத் தெரியாமலில்லை. இந்த அட்டையைப் பார்த்தால் யாரும் பெயரைத் தேடமாட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

என் தாய்மாமா தேடினார். முன்னும் பின்னும் புரட்டினார். "எம்பேரு எங்க அத்தான்? செத்தவன் பேரையே போடுதானுவ. நான் உசிரோட நிக்கேன்" என்று அப்பாவிடம் கத்திவிட்டு, கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று பஸ் ஏறினார். தாய்மாமன் இல்லாமல் நடத்த அப்பா தயாராக இல்லை. கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. அம்மா சாப்பிடவில்லை. நான் அறையை விட்டு வரவில்லை.

மாமனாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். யாரையும் குறைசொல்லவில்லை. அப்பா சொல்லச் சொல்ல எல்லாப் பெயரையும் எழுதிக்கொண்டார். இரண்டாவது அழைப்பிதழ் மணியும் புறாவும் ரோஜாப்பூவுமாக, விளிம்புவரை பெயர்களோடு வந்தது. தாய்மாமாவும் வந்தார். அதைப் பற்றி மாமனார் என்னிடம் பேசியது ஒரே தடவை. "நீ நம்ம வீட்டுக்கு வந்துட்டல்லா மக்களே, அது போரும்." அதன் பிறகு அவர் எதையும் வரையவில்லை.

போன மாதம் அவர் இறந்தார். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குப் பாலில்லாத கட்டங்காப்பி போட்டுக்கொண்டே இருந்தேன். சுவரில் ஒட்டும் நோட்டீசுக்கு நாத்தனார்தான் பெயர்களைச் சொல்லிவிட்டிருந்தாள். அச்சகக்காரர் மாதிரித் தாளைக் கொண்டுவந்தபோது மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். மகன் பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.

"மருமக பேரு தரல்ல. எடம் விட்டு வச்சிருக்கேன்" என்றார்.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, கடைசிவரை கஞ்சி குடுத்தவளையே மறந்துட்டேனே. ஏட்டி, முழுப்பேரைச் சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. "வேண்டாம் மயினி. அப்படியே கெடக்கட்டு" என்றேன்.

"நமக்குள்ள சண்டைன்னுல்லா ஊர்ல நெனப்பான்?"

"நெனச்சிட்டுப் போறான்."

அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

நோட்டீஸ் அப்படியே வந்தது. வடசேரியில் ஒரு சுவரில் இன்னும் ஒன்று கிழியாமல் இருக்கிறது. பஸ்சுக்கு நிற்கும்போது பார்ப்பேன். அவர் படம், நெருக்கியடித்த பெயர்கள், நடுவில் ஒரு வரி வெள்ளை. என் கண் போய் அங்கே இருக்கும். வீட்டுக்கு வந்து வேதப்புத்தகத்தைத் திறந்தால் அந்த முதல் அழைப்பிதழில் என் பெயர் இருக்கிறது, கீழே இடது மூலையில், சுற்றிலும் எவ்வளவோ இடத்தோடு.