ஞாயிற்றுக்கிழமைக்குச் சைபர்

போன வாரம் கட்டுமாவடிக் கரையில் ஒரு சண்டை. மீனுக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக.

என் மச்சான் சவரிமுத்து அங்கே மீன் வாங்கி டவுனுக்கு அனுப்புகிறார். நான் பெட்டி கட்டுகிறவன். ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு மீன். ஐஸ் லாரியில் வர வேண்டும். முந்தின சாயங்காலமே டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு எவ்வளவு மீன் விழும் என்று யார் கண்டது?

முன்பெல்லாம் இன்று விழுந்த மீன்பாட்டைப் பார்த்து நாளைய ஐஸைச் சொல்வார். இன்று மீன் குவிந்தால் நாளை ஐஸ் குவியும்... மீன் வராது. ஐஸ் மணலில் ஓடும்.

டீக்கடையில் யாரோ ஆவரேஜ் என்றார்கள். மச்சான் பிடித்துக்கொண்டார். கடைசி மூன்று நாள் மீன்பாட்டைக் கூட்டு, மூன்றாகப் பிரி. மறுநாள் பழைய நாளை விடு, புது நாளைச் சேர். மணலில் குச்சியால் போடுவார். சனிக்கிழமை வரை சரியாக வந்தது. எனக்கே ஆச்சரியம்.

ஞாயிறு எங்கள் கரையில் தொழில் கிடையாது. பூசைக்குப் போவோம்.

திங்களன்று ஐஸ் ஆறு கூடைக்குத்தான் வந்தது. மீன் பத்துக் கூடை! கடைசியாக நின்றது மச்சானுக்கு மீன் கொடுக்கும் மரியாயி அக்காவின் கூடை. புருஷன் இல்லாதவர். அந்தக் கூடைதான் பிழைப்பு. வெயிலில் சூடை மீன் வயிறு வெடித்துவிட்டது. கருவாட்டுக்குத்தான் ஆனது.

சாயங்காலம் மச்சான் மறுபடி குச்சியை எடுத்தார். சனி ஒன்பது, ஞாயிறு சைபர், திங்கள் பத்து.

"நாளைக்கும் ஆறு கூடைக்குப் போதும்."

அக்கா அங்கிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கும் என் கூடை வெயில்ல காயணுமா தம்பி? இன்னொரு நா இப்பிடிப் போனா நான் தொழிலை விட்டுற வேண்டியதுதான்."

"கணக்கு அப்பிடித்தாங்க்கா சொல்லுது."

"ஞாயித்துக்கெழமைக்கு என்ன போட்டிருக்க?"

"சைபர்."

"ஏன், கடல் குடுக்கலையா?"

"நாமதான் போகலையே."

"அப்பறம் என்னத்துக்கு அது மேல பழி? பூசைக்குப் போனது ஒனக்குப் பொறுக்கலையாக்கும்!"

நான் சிரித்துவிட்டேன். மச்சான் முறைத்தார். குச்சி நின்றது. பிறகு ஞாயிற்றைக் காலால் அழித்தார். அந்த இடத்தில் வெள்ளியைப் போட்டார். அதுவும் ஒன்பது.

"ஒம்போது கூடைக்குச் சொல்லிட்டு வாங்க மாப்ள. கொஞ்சம் கூடவே சொல்லுங்க."

செவ்வாயன்று ஒன்பது கூடை மீன் வந்தது. முதலில் பெட்டிக்குப் போனது அக்காவின் கூடை. மச்சானே தூக்கி வைத்தார். அக்கா அவருக்கு வெற்றிலை கொடுத்தார்.

இனி எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. காற்று மாறினால் மீன் முன்னால் ஓடும், ஆவரேஜ் நொண்டிக்கொண்டு பின்னால் வரும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் ஒன்று — இல்லாதது வேறு, தேடாதது வேறு.