உட்கார்ந்து அளந்த ஷவர்

தையல்காரி அதிகம் பேசமாட்டாள். புதிதாக வந்த ஒரு அம்மா, இவளுக்கு வாய் பேச வராது என்று முடிவு கட்டிக்கொண்டு, தன் பெண்ணின் கவுனுக்குக் கழுத்து எப்படி வேண்டும், கை எவ்வளவு வேண்டும் என்று கால் மணி நேரம் கையாலேயே சைகை காட்டினாள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது இவள், "செவ்வாய்க்கிழமை வாங்க" என்றாள். அந்த அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் மாமனார்.

எட்டாவதோடு அவள் படிப்பு நின்றது. ஒரு தையல் கடையில் பொத்தான் வைக்க உட்கார்ந்தவள், காஜா எடுத்து, கத்தரிக்கக் கற்று, கடைசியில் முதலாளி "இதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்லம்மா" என்று கையை விரிக்கும்வரை அங்கேயே இருந்தாள். இப்போது வீட்டின் முன் அறையில், ஜன்னலோரம் அவளுடைய மிஷின். பள்ளிச் சீருடை, ஆபீஸ் சட்டை, பேண்ட், தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். வாய் பேசாவிட்டாலும் கண் ஓயாது. யாருக்கு இடது தோள் அரை விரல் இறங்கியிருக்கிறது, யாருக்குப் போன மாதத்தைவிட இடுப்பு பெருத்திருக்கிறது, எந்தப் புருஷன் பொண்டாட்டி வரும் வழியில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், எல்லாம் தெரியும். தோளும் இடுப்பும் நோட்டில் ஏறும். சண்டை ஏறாது.

அளவெடுப்பதில் அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. நிற்க வைத்து அளந்த பிறகு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி மறுபடியும் அளப்பாள். தொழிலுக்கு வந்த புதிதில் அவள் தைத்த பேண்ட் ஒன்று, ஆபீஸ் கூட்டத்தில் அதைப் போட்டிருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்த நொடியில் பின்னால் பிளந்துவிட்டது. மனிதர் கூட்டம் முடிந்து எல்லோரும் போகிறவரை எழுந்திருக்கவே இல்லையாம். அன்றிலிருந்து யாரும் ஸ்டூலுக்குத் தப்பியதில்லை.

மாமனார் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். வாய் சும்மா இருக்காது. தெருவில் போகிற நாயைக்கூட ஒரு வார்த்தை கேலி பேசாமல் அனுப்பமாட்டார். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கை நெஞ்சுக்கு மேல் எழும்பவில்லை. காலிலும் பழைய தெம்பு இல்லை. "கொக்கி இவ்வளவுதான் ஏறும்" என்று கையைத் தூக்கிக் காட்டி டாக்டரையே சிரிக்க வைத்தார்.

வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள அவரால் முடியாது. அதனால் தினமும் காலை ஆறரைக்கு மகன், அதாவது தையல்காரியின் புருஷன், அவரைக் குளிப்பாட்டுவான். அவன் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டும். ஆனாலும் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. முதுகு தேய்த்து, கால் விரல் இடுக்குகூட விடாமல் கழுவி, துவட்டி அனுப்புவான்.

ஆறரையிலிருந்து ஏழு வரை மாமனார் வாயிலிருந்து ஒரு கேலி வராது. தையல்காரி அதைக் கவனித்திருந்தாள். முதலில் ஒரு நாள், "இன்னிக்கு வேணாம்டா, நேத்துதானே குளிச்சேன்" என்றார். பிறகு வாரத்தில் இரண்டு நாள் அப்படிச் சொன்னார். குளிக்காத நாளில் பூங்காவில் கூட்டாளிகளோடு போய் உட்காரவும் மாட்டார். பக்கத்தில் உட்கார்கிறவர்களுக்கு வாடை அடிக்கும் என்ற எண்ணம். இந்த மாதத்தில் பூங்காவுக்கு அவர் போனது நான்கே நாள். அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த நிலையில்தான் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பழைய குழாய் சுவருக்குள்ளேயே ஒழுகி, அடுப்படிச் சுவர்வரை ஈரம் வந்துவிட்டது. வேலைக்கு வந்த குழாய்க்காரர் நல்ல கைகாரர், பீடி நாற்றம் இல்லாதவர், சொன்ன நேரத்துக்கு வருகிறவர். இப்படி ஒருவர் கிடைத்ததை அக்கம்பக்கத்தில் யாரும் நம்பவில்லை.

ஷவரை அவள் புருஷன் ஏற்கெனவே வாங்கி வந்துவிட்டான். கூரையில் பொருத்துகிற சதுர ஷவர், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது, முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு. அச்சக வேலையாக வெளியூர் போனபோது தங்கின விடுதியில் அப்படி ஒன்றின் கீழே குளித்திருக்கிறான். அதை அவன் இன்னும் மறக்கவில்லை.

"மேல இருந்து அப்படியே மழை மாதிரி ஊத்தும். கண்ணை மூடிக்கிட்டு நின்னா ஒரு மலையேறிட்டு வந்த மாதிரி இருக்கும்" என்றான்.

"மலையேறினா வேர்க்கும்பா" என்றாள் மகள். கல்லூரிக்குப் போகிற பெண். "அதுவும் தலைக்கு மேலேயே ஊத்தினா நான் தினமும் தலைக்குக் குளிக்கணுமா? இந்த முடி காயறதுக்குள்ள எனக்கு காலேஜ் முடிஞ்சு பட்டமே குடுத்துடுவாங்க."

"தொப்பி போட்டுக்கோ."

அன்று விடுமுறை. மறுநாள் டைல்ஸ் ஒட்ட ஆள் வருகிறது. குழாய்க்காரர் அவள் புருஷனைச் சுவரோரம் நிற்க வைத்து, அவன் கை எட்டுகிற இடத்தில் திருகுக் குழாய்க்குக் கோடு போட்டிருந்தார். நெஞ்சு உயரம். கூரையில் ஷவருக்கு ஓட்டை. "கடைசியா ஒருவாட்டி பாத்துக்கங்க. டைல்ஸ் ஒட்டிட்டா அப்புறம் குழாயை நகர்த்தணும்னா சுவத்தை உடைக்கணும்" என்றார்.

தையல்காரி அந்தக் கோட்டைப் பார்த்தாள். தன் புருஷனைப் பார்த்தாள். உள்ளே போனாள். கழுத்தில் டேப், ஒரு கையில் ஸ்டூல், மறு கையில் மாமனாருடைய முழங்கை என்று திரும்பி வந்தாள்.

"உக்காருங்க மாமா."

"எதுக்கும்மா? நான் சட்டை தைக்கக் குடுக்கலையே."

"பாத்ரூம்ல வச்சா அளவெடுக்கப் போறே?" என்றான் புருஷன்.

அவள் மாமனாரை ஸ்டூலில் உட்கார வைத்தாள். தரையிலிருந்து அவர் தோள் எவ்வளவு உயரம் என்று அளந்தாள். இடது கையை நீட்டச் சொல்லி, விரல் நுனி தொட்ட இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். வலது கைக்கு ஒரு கோடு. அது மாமனாருடைய நெஞ்சளவில் நின்றது. எல்லாக் கோடுகளும் போட்டு முடிந்ததும், ஐந்து பேரும் சுவரைப் பார்த்தார்கள். புருஷனுக்காகப் போட்ட கோடு எங்கேயோ மேலே தனியாக இருந்தது.

"எல்லாத்தையும் நின்னுக்கிட்டே அளந்துட்டீங்க" என்றாள் அவள். "மாமா உக்காந்துதான் குளிப்பாங்க."

"அவரை நான்தானே குளிப்பாட்டறேன்?" புருஷனுக்குக் குரல் ஏறியது. "ஒருநாள் விட்டிருக்கேனா? அதுல உனக்கு என்ன குறை?"

"குறையே இல்லைங்க." அவள் டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "பெத்த பையன் முன்னாடி தினமும் அப்படி உக்கார மாமாவுக்குக் கூச்சமா இருக்கு. அதனாலதான் குளிக்க வேணாம்னு சொல்றாங்க. தானே குளிச்சுக்கற மாதிரி இருந்தா தினமும் குளிப்பாங்க. பூங்காவுக்கும் போவாங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. குழாய்க்காரர் இல்லாத வேலை ஒன்றைத் தேடித் தன் பையைக் கிளற ஆரம்பித்தார். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

புருஷன் மெதுவாக, "அப்படியாப்பா?" என்றான்.

மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் இருந்த தன் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நல்லாத்தான்டா தேய்க்கறே" என்றார். "ஆனா லாரி கழுவற மாதிரி தேய்க்கறே."

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சிரித்தாலும் ஷவரை விட மனம் வரவில்லை. "இதுவும் இருக்கட்டுமே, அப்பாவுக்கு வேற ஒண்ணு போட்டுக்கலாம்" என்றான். அப்போதுதான் குழாய்க்காரர் பையை விட்டுவிட்டு வாயைத் திறந்தார். "சார், நேத்தே சொல்லலாம்னு பாத்தேன். ஆசையா வாங்கிட்டு வந்திருக்கீங்கன்னு விட்டுட்டேன். உங்க டேங்க் இந்தக் கூரைக்கு மேல நாலடிதான் இருக்கு. இவ்வளவு பெரிய தட்டுக்கு அந்த வேகம் பத்தாது. விடுதியில மோட்டார் வச்சுத் தள்ளுவாங்க."

"மாட்டிப் பாத்துடலாமே."

மாட்டினார்கள். அவன் சட்டை போட்டபடியே கீழே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டான். குழாய்க்காரர் திறந்துவிட்டார். முதலில் காற்று வந்தது. பிறகு நடுவில் இருந்த ஏழெட்டு ஓட்டைகளில் மட்டும் தண்ணீர் கோத்து நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஓரத்து ஓட்டைகளுக்குத் தண்ணீர் வந்த சேதியே எட்டவில்லை.

"டேய், மலையேறிட்டியா?" என்றார் மாமனார்.

"இருங்கப்பா, வருது."

"நீ நனைஞ்சு முடிக்கறதுக்குள்ள உனக்கு ரிட்டயர்மென்ட்டே குடுத்துடுவாங்க. வெளியே வா."

அன்று மதியமே தையல்காரியும் புருஷனும் கடைக்குப் போனார்கள். அங்கே ஒரு சுவர் முழுக்க ஷவர்கள். வட்டம், சதுரம், விளக்கு எரிவது, நான்கு பக்கமிருந்தும் பீய்ச்சுவது. ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, பளபளப்பை வைத்தே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். தையல்காரி, கடைக்காரர் உட்காருகிற நாற்காலியைக் காட்டி, "அதைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?" என்றாள். களைத்துப்போனாள் போலும் என்று அவர் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்துக் கொடுத்தார். அவள் அதை ஷவர் சுவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் செய்யறாங்க?" என்று கடைக்காரர் கிசுகிசுத்தார்.

"எங்கப்பா மாதிரி உக்காந்து பாக்கறாங்க" என்றான் புருஷன்.

கடைசியில் அவள் எடுத்தது கை ஷவர். நீளமான வளையும் குழாய், சுவரில் ஒரு கம்பி. அந்தக் கம்பியில் ஷவரை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், கையிலும் எடுத்துக்கொள்ளலாம். கீழே இறக்க இறக்கத் தண்ணீர் வேகமும் கூடும் என்று குழாய்க்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். திறப்பதற்குத் திருகு வேண்டாம், ஒரு விரலால் தட்டித் திருப்புகிற நீளக் கைப்பிடி போதும் என்றாள். மகளுக்குத் தலை நனையாது. புருஷன் மட்டும் பெரிய சதுரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருமுறை துணியால் துடைத்துக் கொடுத்தான்.

"கம்பியில உச்சிக்கு ஏத்தினா தலையில விழுமா?" என்று கேட்டான்.

"விழும்."

"கண்ணை மூடிக்கிட்டு நிக்கலாமா?"

"நிக்கலாங்க."

"சரி, அப்ப போதும்."

டைல்ஸ் ஒட்டிக் காய்ந்து, பிடித்துக்கொள்ளச் சுவரில் இரண்டு கைப்பிடிகளும் வைத்து, எல்லாம் முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை ஆறரைக்கு மகன் வழக்கம்போல் துண்டோடு வந்தான். மாமனார் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய்ப் பேப்பர் படி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அவன் எங்கே பேப்பர் படித்தான்! கதவுக்கு வெளியே நடந்துகொண்டே இருந்தான். தண்ணீர் விழும் சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு டக், டக் என்று எதையோ எதிலோ தட்டும் சத்தம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம்.

"அப்பா, என்ன சத்தம்? வரட்டுமா?"

"வந்தே, தொலைச்சுடுவேன்."

மகள் துண்டோடு வரிசையில் நின்றாள். நாற்பது நிமிஷம் ஆனது. தையல்காரி மிஷினில் இருந்தாள். நூல் கோத்திருந்தாள். ஆனால் ஒரு தையல்கூடப் போடவில்லை.

கதவு திறந்தது. மாமனார் தலை சொட்டச் சொட்ட, சட்டைப் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து நின்றார்.

"இவ்வளவு நேரம் என்னப்பா பண்ணீங்க?"

"அதை உன் பொண்டாட்டியைக் கேளு. ஊரையே அளந்தா. சோப்புத் தட்டை எங்கே வச்சிருக்கா பாரு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சோப்புத் தட்டு சுவரில் மகனுடைய தோள் உயரத்தில், அதுவும் வலது பக்கத்தில், ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. அதுவும் குழாய்க்காரர் முதலில் மகனை நிற்க வைத்துப் போட்ட கோட்டின்படி பொருத்தியது. அதையும் கீழே இறக்க வேண்டும் என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

தையல்காரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ மாமா! அப்ப சோப்பு போடாமலா குளிச்சீங்க?"

"நானா விடுவேன்? ஷவரை இந்தக் கையில தூக்கிப் பிடிச்சு, அடியில இருந்து ஒரு தட்டு, ரெண்டு தட்டு... முப்பதாவது தட்டுல மடியில வந்து விழுந்துச்சு. அப்புறம் போட்டேன் பாரு, மூணு தடவை." அவர் இடது கையை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாரு."

"ஒரு குரல் குடுத்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றான் மகன்.

"உன்னைக் கூப்பிடறதுக்காடா இவ்வளவும் கட்டினோம்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினார். "கொஞ்சம் வழி விடுங்க, பூங்காவுல இந்நேரம் நல்ல பெஞ்ச் போயிருக்கும்."

"மாமா, சட்டை" என்றாள் தையல்காரி. அவர் குனிந்து பார்த்து, பொத்தானைக் கழற்றித் தானே சரியாகப் போட்டுக்கொண்டார்.

மகள் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். அவள் அப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுப்படிக் குழாயில் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.